ஒரு பலகை, ஒரு பல்பு, 15 விநாடி

பரீட்சை முடிந்து லீவு விட்ட மறுநாளே பரண் மேலிருந்து கேரம் போர்டு இறங்கிவிடும். முகையூர் பக்கத்து கிராமமாக இருந்தாலும் சரி, திண்டிவனம் டவுனாக இருந்தாலும் சரி, இதில் மாற்றமில்லை. திண்ணையிலோ கூடத்திலோ நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் சாயங்காலம் வரை சத்தம்தான். 'ரெட்டுக்கு ஃபாலோ போடலை, எடுத்து வை!', 'ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தொடலை, நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்!'

இப்படி ஆடும் ஒவ்வொரு தெருவிலும் யாராலும் ஜெயிக்க முடியாத ஒரு பிள்ளை இருக்கும். பல இடங்களில் அது பெண் பிள்ளையாகவே இருக்கும். 'நீ மட்டும் போட்டிக்குப் போனா கப்போடதான்டி வருவே' என்று மாமாவோ சித்தப்பாவோ உசுப்பேற்றுவார்கள். அந்தப் பிள்ளையும் பொங்கல் போட்டிக்கோ, விழுப்புரத்தில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கோ போகும். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பும். 'அங்க போர்டே வேற மாதிரி இருந்துச்சும்மா' என்று சொல்லும். 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்' என்று வீட்டில் சிரிப்பார்கள்.

சிரிக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை சொன்னது சாக்கு இல்லை, உண்மை. வீட்டுக் கேரமும் போட்டிக் கேரமும் பார்க்கத்தான் ஒன்று. ஆடிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆட்டம். நடுவில் இருக்கும் தூரத்தைத் தாண்ட பெரிய பணம் தேவையில்லை. ஆனால் அப்படி ஒரு தூரம் இருக்கிறது என்பது வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போர்டு எப்படி வேறு?

சர்வதேசக் கேரம் விதிப்படி, ஆடும் பரப்பின் ஒரு பக்கம் சுமார் 74 சென்டிமீட்டர். அதாவது 29 அங்குலம். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் இதைவிடச் சின்னது. சின்ன போர்டில் பழகிய விரல், பெரிய போர்டில் அதே வேகத்தில் தட்டினால் காய் பாக்கெட் வாசலில் போய் நின்றுவிடும். பயந்து வேகத்தைக் கூட்டினால் விளிம்பில் மோதித் திரும்பும்.

பாக்கெட்டின் விட்டம் சுமார் 4.45 சென்டிமீட்டர். காயின் விட்டம் அதிகபட்சம் 3.18. ஸ்ட்ரைக்கர் 4.13 வரை இருக்கலாம். ஸ்ட்ரைக்கருக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மூன்று மில்லிமீட்டர்தான். வீட்டு போர்டில் பாக்கெட் கொஞ்சம் தாராளமாக இருக்கும். ஓரத்தில் உரசிக்கொண்டு போன காயும் உள்ளே விழுந்துவிடும். போட்டி போர்டு அந்தத் தயவைக் காட்டாது.

அடுத்தது பவுடர். போட்டியில் நைசான போரிக் பவுடரைக் கொஞ்சமாகத் தூவித் துடைத்திருப்பார்கள். வீட்டில் முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டி ஆடியிருப்போம். அது ஈரத்தில் பிசுபிசுத்துக் காயைப் பிடித்து இழுக்கும். அதிலேயே பழகிய கை, வழுக்கும் போர்டில் திணறத்தான் செய்யும்.

வெளிச்சமும் வேறு. போட்டியில் போர்டுக்கு நேர் மேலே குடை போட்ட விளக்கு தொங்கும். வீட்டில் சுவரில் ட்யூப் லைட். ஒரு பக்கம் உட்கார்ந்தால் சொந்த நிழலே போர்டில் விழும். அந்த நிழலைக் கணக்குப் போட்டுப் பழகிய கண்ணுக்கு நிழலே இல்லாத போர்டு முதலில் மிரட்சியைத் தரும்.

எல்லாவற்றுக்கும் மேல், உட்காரும் விதம். திண்ணையில் சம்மணம் போட்டு, தேவைப்பட்டால் எக்கி, ஒரு பக்கம் சாய்ந்து ஆடுவோம். போட்டியில் ஸ்டாண்டின் மேல் போர்டு, எதிரெதிரே நாற்காலி. நாற்காலியை நகர்த்தக் கூடாது, எழுந்து நின்று ஆடக் கூடாது. உடம்பையும் முழங்கையையும் எதுவரை கொண்டுபோகலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பின்பக்கம் இருக்கும் காயை உட்கார்ந்தபடியேதான் எடுக்க வேண்டும்.

15 விநாடியில் முடிவு

தன் முறை வந்த 15 விநாடிக்குள் ஸ்ட்ரைக்கரைத் தட்டிவிட வேண்டும் என்பது விதி. வீட்டில் ஒரு காய்க்காக இரண்டு நிமிடம் கண்ணை இடுக்கிப் பார்ப்பவருக்கு இது மூச்சு முட்டும். நேரம் குறைவு என்பதால், அடுத்து எதை ஆடுவது என்பதை எதிராளி ஆடும்போதே யோசித்து வைத்திருக்க வேண்டும். வீட்டில் எதிராளி ஆடும்போது நாம் தண்ணீர் குடிப்போம், டி.வி. பார்ப்போம். போட்டியில் பாதி ஆட்டம் அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

பாயிண்ட் கணக்கும் வீட்டுக் கணக்கு இல்லை. ஆளுக்கு 9 காய். தன் காய்களை முதலில் முடிப்பவர் அந்த போர்டை ஜெயிக்கிறார். எதிராளியின் காய்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றனவோ அத்தனை பாயிண்ட் அவருக்கு. ரெட்டையும் அவரே ஃபாலோவோடு எடுத்திருந்தால் கூடுதலாக 3. ஆக, ஒரு போர்டில் அதிகபட்சம் 12. முதலில் 25 பாயிண்ட் தொடுபவருக்கு அந்த கேம். 8 போர்டு ஆடியும் யாரும் 25-ஐத் தொடவில்லை என்றால், அப்போது முன்னிலையில் இருப்பவருக்கு. மூன்று கேமில் இரண்டை ஜெயிப்பவருக்கு மேட்ச்.

இந்தக் கணக்கில்தான் பெரிய பாடம் இருக்கிறது. ஒரு பிள்ளை 8 போர்டில் மூன்றை மட்டும் ஜெயிக்கிறது, ஒவ்வொன்றிலும் 4 பாயிண்ட். மொத்தம் 12. மீதி ஐந்து போர்டில் தோற்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் தன் காயை ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் மிச்சம் வைக்கிறது. எதிராளிக்கு மொத்தம் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து போர்டு தோற்ற பிள்ளைதான் 12-8 என்று கேமை ஜெயிக்கிறது!

வீட்டில் ஒரு போர்டு கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் வெறுத்துப்போய் எதையாவது தட்டிவிடுவார்கள். 'போகட்டும், அடுத்த ஆட்டம் பார்த்துக்கலாம்.' போட்டிக்குத் தயாராவது என்றால் முதலில் இந்தப் பழக்கத்தை விடுவதுதான். தோற்கப் போகிற போர்டிலும் இன்னும் ஒரு காயைக் குறைப்பது, எதிராளியின் காய் பாக்கெட்டுக்கு நேராக நின்றால் தட்டி விலக்கி வைப்பது, தன் காயை அவர் வழியில் நிறுத்துவது. கைதட்டல் வாங்கித் தராத இந்தச் சின்ன வேலைகள்தான் கடைசிக் கணக்கில் ஜெயிக்க வைக்கின்றன.

ரெட்டிலும் இதே நிதானம் வேண்டும். ஒருவர் 22 பாயிண்டைத் தொட்டுவிட்டால், அதன்பின் ரெட் எடுத்தாலும் அந்த 3 பாயிண்ட் அவருக்குக் கிடையாது. அப்போது ரெட்டைப் போடுவது எதிராளிக்கு அது போகாமல் தடுக்கத்தான். இது தெரியாமல் ரெட்டைத் துரத்திக் கைக்கு வந்த கேமைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு.

பகடையைத் திட்ட முடியாது

நம் பாட்டிமார் ஆடிய தாயத்தில் தோற்றால் தாயக்கட்டையைத் திட்டலாம். மேல்நாட்டில் பேக்கேமன் என்று ஒரு பகடை ஆட்டம் உண்டு. ஆளுக்கு 15 காய், இரண்டு பகடை. அதற்கு உலக சாம்பியன்ஷிப்பே நடக்கிறது. 1979-ல் அமெரிக்காவின் ஹான்ஸ் பெர்லினர் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் அந்த ஆட்டத்தின் உலக சாம்பியன் லூய்ஜி வில்லாவை 7-1 என்று தோற்கடித்தது. பிறகு ஒவ்வொரு நகர்த்தலாக ஆராய்ந்த பெர்லினர், நன்றாக ஆடியது வில்லாதான், தன் நிரலுக்குப் பகடை கைகொடுத்தது என்று சொன்னார். அங்கே நன்றாக ஆடியும் தோற்கலாம். மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது.

கேரமில் அந்த வழி இல்லை. டாஸ் போட்டபின் அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைவு. தட்டிய விரல் தன்னுடையது. அதனால்தான் முதல் தோல்வி பிள்ளையை இவ்வளவு சுடுகிறது. 'எனக்கு இது வராது' என்று ஒரே நாளில் முடிவுகட்டிவிடும். அந்த நேரத்தில் வீட்டில் என்ன சொல்கிறோம் என்பது முக்கியம். 'நாங்கதான் சொன்னோமே' என்றால் போர்டு மறுபடி பரணுக்குப் போய்விடும். 'எந்த போர்டுல எத்தனை காய் மிச்சம் வெச்சே?' என்று கேட்டால், பிள்ளை யோசிக்க ஆரம்பிக்கும். தோல்வி கணக்காக மாறிவிட்டால் அதைச் சரிசெய்ய வழியும் தெரியும்.

வீட்டிலேயே தயாராவது எப்படி?

முழு அளவு போர்டு ஒன்று வேண்டும். ஒரு வீட்டால் முடியாவிட்டால் நாலு வீடு சேர்ந்து வாங்கலாம். பள்ளியிலோ நூலகத்திலோ இளைஞர் மன்றத்திலோ இருந்தால் அனுமதி கேட்கலாம். போர்டை மேஜை உயரத்தில் வைத்து, நேர் மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, கீழே நகராத நாற்காலி போட்டுவிட்டால் பாதி வித்தியாசம் போய்விடும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பிள்ளை எந்த ஸ்ட்ரைக்கரில் பழகுகிறதோ அதையே போட்டிக்கும் கொண்டுபோகட்டும்.

துணைக்கு ஆள் இல்லாத நாளில் தனியாகப் பழகலாம். ஒன்பது காயைப் பரப்பி, எத்தனை தட்டில் எல்லாவற்றையும் போட முடிகிறது என்று எண்ணி, தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் முன்னேற்றம் எண்ணாகத் தெரியும். ஒரு நாள் நேர் அடி, ஒரு நாள் கட், ஒரு நாள் விளிம்பில் பட்டுத் திரும்பும் டபுள், ஒரு நாள் பின்பக்கக் காய்க்குக் கட்டைவிரல் அடி என்று பிரித்துப் பழகினால் பலவீனம் எது என்பது தானாக வெளியே வரும். நன்றாக வருவதையே திரும்பத் திரும்ப ஆடுவது சுகம். வராததை ஆடுவதுதான் பயிற்சி.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. கேரம் தெரியாத தாத்தாகூட கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி எண்ணலாம். தங்கச்சி எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கலாம். போட்டி ஹாலில் ஒரே நேரத்தில் பல மேஜைகளில் ஆட்டம் நடக்கும். காய் மோதும் சத்தம், நடுவர் குரல், பக்கத்து மேஜைக் கைதட்டல் எல்லாம் இருக்கும். அமைதியான அறையில் மட்டும் பழகிய பிள்ளை அங்கே தடுமாறும்.

ஒரு போட்டி நாளில் அடுத்தடுத்து மேட்ச் வரலாம், மணிக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். வயிறு முட்டச் சாப்பிட்டால் குனிந்து ஆட முடியாது. பட்டினியாக இருந்தால் விரல் நடுங்கும். இட்லி, வாழைப்பழம், தண்ணீர் போதும். முந்தின நாளே நகத்தை வெட்டி, கை பழகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போட்டி அன்று காலையில் வெட்டினால் விரலின் உணர்வு மாறிவிடும் என்று எத்தனையோ ஆட்டக்காரர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள்.

சென்னையின் மூன்று பெயர்கள்

'கேரம் ஆடி என்ன ஆகப் போகுது?' என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். இதற்குப் பதில் சொல்ல மூன்று பேர் இருக்கிறார்கள், மூவரும் சென்னைக்காரர்கள்.

1988-ல் சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு உருவானதே சென்னையில்தான். 1991-ல் டெல்லியில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பை ஜெயித்தவர் சென்னையின் மரியா இருதயம். 1995-ல் மறுபடியும் அவரே உலக சாம்பியன். 1996-ல் அர்ஜுனா விருது பெற்று, தெருவோர ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட கேரமுக்கு மரியாதை தேடித் தந்தார்.

வியாசர்பாடியின் இளவழகி மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள். 2008-ல் பிரான்ஸின் கேன் நகரில் உலக சாம்பியன் ஆனார். அடுத்து காசிமா. வட சென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், அணி என மூன்று பிரிவிலும் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 17. தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. உடன் ஆடிய மித்ரா, நாகஜோதி இருவருக்கும் தலா 50 லட்சம்.

மூன்று பேரும் வசதியான கிளப்புகளில் இருந்து வந்தவர்கள் இல்லை. வட சென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு குறைவு. பார்த்துத் திருத்த மூத்த ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், வாரக் கடைசியில் ஏதாவது ஒரு போட்டி நடக்கிறது. அவர்களுக்குக் கிடைத்த சொத்து அதுதான். முகையூர்ப் பிள்ளைக்கு விரல் குறைவில்லை, அந்தச் சூழல்தான் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அதற்காக எல்லாரும் ஒரு கோடி வாங்குவார்கள் என்று கனவு காட்டக் கூடாது. கேரம் ஒலிம்பிக்கில் இல்லை, பெரிய விளம்பரதாரர்களும் இல்லை. ஆனால் ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி., பெட்ரோலியத் துறை நிறுவனங்கள் போன்றவை கேரம் அணிகளை வைத்திருக்கின்றன. தேசிய அளவில் தொடர்ந்து ஆடுபவர்களுக்கு வேலை என்ற வாசல் அங்கே இருக்கிறது. 12 வயதுக்குள், 14 வயதுக்குள், 18 வயதுக்குள் எனப் பிரிவுகள் இருப்பதால் சின்ன வயதிலேயே தொடங்கலாம். மாவட்டச் சங்கத்தின் தேர்வுப் போட்டி, அதன்பின் மாநிலம், பிறகு தேசியம் என்பதுதான் ஏணி. பள்ளி உடற்கல்வி ஆசிரியரையோ மாவட்ட விளையாட்டு அலுவலகத்தையோ விசாரித்தால் அடுத்த போட்டி எப்போது என்பது தெரிந்துவிடும்.

யார் உட்காரலாம்?

மிச்சமிருப்பது ஒரு சங்கடமான விஷயம். நம் ஊர்களில் நல்ல போர்டு இருக்கும் இடம் பெரும்பாலும் தெருமுனை மன்றம். அங்கே உட்காருபவர்கள் பையன்கள். வீட்டில் எல்லாரையும் ஜெயிக்கும் பெண் பிள்ளை, வயதுக்கு வந்த பிறகு அந்தப் பக்கம் போக முடியாது. 'பொம்பளப் புள்ள ஆம்பளைங்க நடுவுல போய் உக்காந்து ஆடுறதா?' என்று ஒரு வார்த்தை போதும். திறமை அங்கேயே நின்றுவிடுகிறது.

இதற்குச் சண்டை போடாமலே வழி உண்டு. பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் பள்ளியிலேயே போர்டு போடச் சொல்லலாம். மகளிர் சுய உதவிக் குழு கூடும் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கலாம். பொங்கல் போட்டி நடத்தும் மன்றத்தாரிடம் 'பெண்கள் பிரிவும் வையுங்கப்பா' என்று அம்மாக்கள் நாலு பேர் சேர்ந்து போய்ச் சொன்னால் தட்ட மாட்டார்கள். கேரமுக்கு மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம், தனி உடை வேண்டாம், உயரமும் எடையும்கூட வேண்டாம். ஒரு பெண் பிள்ளைக்கு 'முடியாது' என்று சொல்லக் காரணமே கிடைக்காத விளையாட்டு இது.

முதல் போட்டிக்கு அப்பாவோ அம்மாவோ கூடப் போங்கள். மேஜைக்குப் பின்னால் நின்று யோசனை சொல்ல வேண்டாம், நடுவர் அனுமதிக்க மாட்டார். ஹாலின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். தோற்று எழுந்து வந்தால் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, ஜெயித்த பிள்ளை எப்படி ஆடுகிறது என்று அடுத்த சுற்றைச் சேர்ந்து பாருங்கள். உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். போட்டிக் கட்டணத்துக்குக் கிடைக்கும் நல்ல பாடம், தோற்ற பிறகு அந்த ஹாலில் பார்க்கும் ஆட்டங்களில்தான் இருக்கிறது. திரும்பும் வழியில் பஸ்ஸில் பிள்ளையே பேசும், 'அந்தக் காயை நான் ஏன்மா அப்பவே எடுக்கலை?' என்று. அந்தக் கேள்வி வந்துவிட்டால் அடுத்த போட்டியின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.